ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால்

கார் மோதும்போது முன்னிருக்கையில் இருப்பவரின் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கிறது. அடி விழுவது முழங்காலில், உடைவது இடுப்பில். தொடை எலும்பு உலக்கைபோல் பின்னால் தள்ளப்பட்டு, தன் பந்துமுனையைத் தாங்கியிருக்கும் கிண்ணத்தையே பிளந்துவிடுகிறது.

1950களில் இதற்குப் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான்: காலில் எடை கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் படுக்கவைப்பது. அந்தக் கால டாக்டர்களைக் குறை சொல்ல முடியாது. கிண்ணம் இருப்பது இடுப்பெலும்பின் ஆழத்தில். முன்பக்கம் காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்கள், பின்பக்கம் சயாட்டிக் நரம்பு. நேராக எடுத்த எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எது எங்கே உடைந்தது என்றே புரியாது. பாஸ்டனைச் சேர்ந்த ரோ, லோவல் இருவரும் 1961இல் இந்த முறிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். கிண்ணத்தின் கூரை கெடாமல், பந்து அதன் அடியில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் நோயாளி தப்பினார். கூரை சிதைந்திருந்தால் மூட்டு தேய்ந்து, வலியோடு நொண்டவேண்டியதுதான்.

பாரிஸில் ரொபேர் ஜூடேயும் அவருடைய சீடர் எமில் லெத்தூர்னெலும் முதலில் கத்தியை எடுக்கவில்லை. எக்ஸ்ரேயைப் படிக்கக் கற்றார்கள். படத்தில் தெரியும் ஒவ்வொரு கோடும் எலும்பின் எந்த விளிம்பு என்று தேடினார்கள். நேர்ப்படத்தோடு, உடலை 45 டிகிரி இப்படியும் அப்படியும் சாய்த்து இரண்டு படங்கள். கிண்ணத்தை முன்னும் பின்னும் இரண்டு தூண்கள் தாங்குகின்றன என்ற கணக்கில் முறிவுகளைப் பத்து வகையாகப் பிரித்து 1964இல் வெளியிட்டார்கள். இன்றும் உலகமெங்கும் அந்தப் பத்து வகைதான் பேச்சுமொழி. முன்பக்கமாகத் தூணை அடைய லெத்தூர்னெல் ஒரு புதிய வழியும் கண்டார்.

அவரிடம் கற்றுக்கொண்டு போன லாஸ் ஏஞ்சலஸ் டாக்டர் ஜோயல் மாட்டா, 1996இல் தன் கணக்கைத் திறந்து காட்டினார். அடிபட்ட மூன்று வாரத்துக்குள் அறுவை செய்த 262 முறிவுகள். எலும்புத் துண்டுகள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகாமல் பொருந்தியவை 71 சதவீதம். மிக நன்று, நன்று என்ற முடிவுகள் சேர்ந்து 76 சதவீதம். மூன்று வாரக் கெடு வெறும் சம்பிரதாயம் இல்லை. அதற்குமேல் போனால் புது எலும்பு வளர்ந்து துண்டுகளின் விளிம்பை மூடிவிடும். சரியாகப் பொருத்துவது மிகக் கடினம். 2012இல் மாட்டாவும் கூட்டாளிகளும் 810 பேரின் நிலையை வெளியிட்டார்கள். அறுவைக்கு இருபது ஆண்டுகள் கழித்தும் சொந்த மூட்டு தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு 79 சதவீதம் என்றது கணக்கு. படுக்கையும் எடையுமாக இருந்த காலத்தில் இப்படி ஒரு எண்ணைக் கனவிலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒன்று. லெத்தூர்னெல் சி.டி. ஸ்கேன் இல்லாத காலத்திலேயே ஏறத்தாழ முக்கால்வாசி முறிவுகளைச் சரியாகப் பொருத்தியிருந்தார். முப்பரிமாணப் படம் வந்த பிறகும் தேர்ந்தவர்களின் கணக்கு அதைத் தாண்டி வெகுதூரம் போய்விடவில்லை. மாறாக, அறுவைக்குப் பின் எடுத்த சி.டி., எக்ஸ்ரேயில் கச்சிதமாகத் தெரிந்த இடத்திலும் இடைவெளியைக் காட்டிக்கொடுத்தது. கிண்ணத்தின் பின்சுவர் மட்டும் உடைவது பார்க்க எளிய முறிவு. ஏமாற்றுவதில் முதலிடம் அதற்குத்தான். குருத்தெலும்பு நசுங்கியிருந்தாலோ, பந்துமுனைக்கு ரத்தம் போவது நின்றிருந்தாலோ, எவ்வளவு நேர்த்தியாகப் பொருத்தியும் பயனில்லை. அந்தச் சேதம் விபத்து நடந்த நொடியிலேயே தொடங்கிவிடுகிறது. பிளேட்டும் ஸ்குரூவும் அதைச் சரிசெய்யாது.

நோயாளியும் மாறிவிட்டார். வண்டி மோதிய இளைஞரோடு, குளியலறையில் வழுக்கி விழுந்த எழுபது வயதுக்காரரும் இன்று அறுவை மேசைக்கு வருகிறார். எலும்பு பொரபொரவென்று இருப்பதால் ஸ்குரூ பிடிக்காது. மூன்று மாதம் அந்தக் காலை ஊன்றாதீர்கள் என்று இருபத்தைந்து வயதுக்காரரிடம் சொல்லலாம். இவரிடம் சொன்னால் நிமோனியாவையும் படுக்கைப்புண்ணையும் வரவழைப்பதாகிவிடும். அதனால் முறிவைப் பிளேட் வைத்துத் தாங்கி, அதே அறுவையிலேயே செயற்கை மூட்டையும் வைத்து, சீக்கிரமே வாக்கரோடு எழுப்பி நடக்கவிடும் மருத்துவமனைகள் பெருகிவருகின்றன. சொந்த மூட்டைக் காப்பாற்றுவதா, மாற்றிவிடுவதா என்பதை முடிவுசெய்ய இப்போது எக்ஸ்ரே மட்டும் போதாது. விழுவதற்கு முதல்நாள் அவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்றும் வீட்டாரிடம் கேட்கிறார்கள்.