தாகம் தீர்க்கும் உப்பும் சீனியும்

பாவா ஆதம் மலையின் அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பெயர் நல்லதண்ணி. இங்கும் வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கத் தயங்குகிறவர்கள் உண்டு. "ஊத்துறதெல்லாம் வெளியேதானே போகுது" என்பார்கள். ஆனால் வயிற்றோட்டத்தில் பிள்ளையைக் கொல்வது பெரும்பாலும் உடம்பிலிருந்து நீரும் உப்பும் வற்றிப்போவதுதான்.

வயிற்றோட்டத்தின்போது குடல் வெறும் தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது. குளுக்கோசும் உப்பும் அளவோடு சேர்ந்து வந்தால் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுக்கும்; அவற்றின் பின்னே நீரும் போகும். ஜீவனிப் பக்கெட்டின் சூட்சுமம் இவ்வளவுதான்.

1971இல் வங்காள அகதிகளிடையே கொலரா பரவியது. பொங்காவ் முகாமில் சேலைன் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இக்கரைசலைப் பீப்பாய்களில் கலந்து, உறவினர் கையாலேயே நோயாளருக்குக் கொடுக்கச் செய்தார். சுமார் 30 வீதமாயிருந்த மரணம் 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது.

ஒரு லீற்றர் பக்கெட்டை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். பாதி பாதியாகக் கலப்பது பிழை. 24 மணித்தியாலம் கடந்தால் ஊற்றிவிடுங்கள். பக்கெட் கிடைக்காவிட்டால், ஒரு லீற்றர் நீருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புக் கூடினால் கைக்குழந்தைக்கு ஆபத்து. சீனி கூடிய பிளேன்டீயும் சோடாவும் வயிற்றோட்டத்தைக் கூட்டும்.

ஒவ்வொரு முறை வயிற்றால் போனதும், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர், 10 வயது வரை 100 முதல் 200, பெரியவர்க்கு விரும்பிய அளவு. குழந்தைக்குக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

கண் குழிவிழுதல், உச்சிக்குழி தாழ்தல், கண்ணீரின்றி அழுதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து குடிக்க மறுத்தல், மலத்தில் இரத்தம்: இவற்றில் எதைக் கண்டாலும் உடனே மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடிக்கக்கூடியவருக்கு வழிநெடுகக் கரைசல் கொடுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

றமழானில் வயிற்றோட்டம் கண்டும் "நோன்பு முறிஞ்சிடும்" என்று சிலர் தாங்கிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்ய மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. பாலகர் இஸ்மாயீலின் தாகத்துக்காக அன்னை ஹாஜரா மலைக்கு மலை ஓடியதை நினைவுகூரும் சமுதாயம் நாம். நம் வீட்டுப் பிள்ளைக்குத் தேவையான நீர் அடுப்படியிலேயே இருக்கிறது.