ஊரும் கோப்பையும் – 9: பெருவாயலுக்கு வந்த பச்சைத் தூள்

கும்மிடிப்பூண்டியில் மாட்சா என்னும் ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூளைக் கலந்து குடிக்க நினைக்கிறவர் முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். தூள் அப்புறம். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நிலத்தடியில் கடல் நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அந்த போர் தண்ணீரில் சோப்பே சரியாக நுரைக்காது, தேநீர் மட்டும் எப்படி நுரைக்கும்? ஜப்பானின் தண்ணீர் பெரும்பாலும் உப்புக் குறைந்த மென்னீர். கால்சியம் கூடிய தண்ணீரில் அதே தூளைக் கலக்கினால் நிறம் மங்கும், ருசி சப்பென்று இறங்கிவிடும். இங்கே பல வீடுகளில் நிற்கும் 20 லிட்டர் கேன் தண்ணீரே இதற்குப் போதும். ஆர்.ஓ. தண்ணீரில் ருசியே இல்லை என்று நாம் குறை சொல்வோமே, அந்தக் குறைதான் இங்கே வசதி.

சென்ற வாரம் குன்னூரின் பச்சைத் தேயிலையோடு நிறுத்தினோம். அங்கிருந்து இரும்பு உருக்கும் கும்மிடிப்பூண்டிக்கு ஏன் இறங்கினோம் என்று கேட்பவர்கள் பக்கத்துப் பெருவாயல் வரை போய்வரலாம். மஹிந்திராவும் ஜப்பானின் சுமிடோமோவும் கூட்டாக நடத்தும் ஒரிஜின்ஸ் தொழிற்பூங்கா அங்கேதான் இருக்கிறது. யான்மர் அங்கே இன்ஜின் செய்கிறது. 1,891 கோடி ரூபாயில் ஏ.சி., கம்ப்ரசர் தொழிற்சாலை கட்ட மிட்சுபிஷி எலக்ட்ரிக் 2023 மே மாதம் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டதும் இதே இடத்துக்காகத்தான். ஆந்திர எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டியில் இசுசு, டைகின், கோபெல்கோ. ஜப்பானியப் பொறியாளர்கள் வருகிறார்கள், நம் பிள்ளைகள் பயிற்சிக்கு ஜப்பான் போய்வருகிறார்கள். பெட்டிக்குள் சின்னதாக ஒரு மாட்சா டின்னும் வந்துவிடுகிறது. வீட்டில் அதைக் கொதிக்கும் பாலில் போட்டு, சர்க்கரை சேர்த்து, "கீரைத் தண்ணி மாதிரி இருக்கே" என்று ஒதுக்கி வைக்கிறார்கள். தூளின் மேல் தப்பில்லை.

பச்சைத் தேயிலையை மிக்ஸியில் போட்டு அரைத்தால் மாட்சா ஆகிவிடாது. பறிப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே செடிமேல் பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். நீலகிரியில் சில்வர் ஓக் மரம் தருவது சல்லடை நிழல். இது அப்படியல்ல, கடைசி நாட்களில் வெளிச்சம் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. வெயில் பட்டால் இலையில் இருக்கும் தியானின் என்னும் அமினோ அமிலம் துவர்ப்புச் சத்தாக மாறும். வெயிலை மறைத்தால் அது அப்படியே தங்கும். நல்ல மாட்சாவில் நாக்கின் பின்பக்கம் குழைவாக ஒரு ருசி நிற்பது இந்தத் தியானினால்தான். பறித்த இலையை உடனே ஆவியில் வேகவைத்து, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கினால் கிடைப்பதற்குப் பெயர் தெஞ்சா. அதைக் கருங்கல் திருகையில் அரைத்தால் மாட்சா. ஒரு திருகை மணிக்கு 40 கிராமுக்கு மேல் தராது. வேகமாகச் சுற்றினால் கல் சூடாகி வாசனை போய்விடும். விலை குறைந்தவற்றை, உள்ளே உருண்டைகள் உருண்டு அரைக்கும் பால் மில்லில் (ball mill) அரைக்கிறார்கள். அது என்னவென்று கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இனி டின்னைத் திருப்பிப் பார்ப்போம். முன்பக்கத்தில் பெரும்பாலும் 'செரிமோனியல் கிரேடு' என்று இருக்கும். ஜப்பானில் இந்தத் தரத்துக்குச் சட்டமோ அரசு முத்திரையோ கிடையாது. விற்பவர் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம். சிப்காட் உருக்காலை ஒன்றின் கேட்டில், 'உயர்ரகம்' என்று மட்டும் எழுதிய சீட்டோடு ஒரு லாரி கம்பி வந்து நின்றால் என்ன நடக்கும்? எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் ஹீட் நம்பர் எங்கே, டெஸ்ட் சர்டிபிகேட் எங்கே என்று கேட்டு லாரியைத் திருப்பிவிடுவார்கள். அதே கறாரை 30 கிராம் டின்னிடமும் காட்டலாம் என்பது என் கட்சி. எந்த மாவட்டத்து இலை, எந்தப் பருவத்துப் பறிப்பு, எப்போது அரைத்தது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத டின் எத்தனை அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

ஊர்ப் பெயரிலும் கொஞ்சம் நிதானம் தேவை. 'உஜி' என்று போட்டிருப்பதாலேயே இலை உஜியில் விளைந்தது என்று ஆகிவிடாது. கியோட்டோ, நாரா, ஷிகா, மியே என நான்கு மாவட்டத்து இலையும் கியோட்டோவில் பக்குவமானால் உஜித் தேயிலைதான். அதில் மோசடி எதுவும் இல்லை, வணிகர் சங்கமே வகுத்த விதி அது. அய்ச்சியின் நிஷியோ, ஃபுகுவோகாவின் யாமே, தெற்கே ககோஷிமா ஆகியவையும் நல்ல தூள் தருகின்றன. பருவத்தில் ஏப்ரல் கடைசி, மே மாதத்து முதல் பறிப்பே மேல். பிந்திய பறிப்பில் துவர்ப்பு ஏறும். கூடவே இறக்குமதியாளர் பெயரும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

டின்னைத் திறந்ததும் ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் வைத்து விரலால் இழுத்துப் பாருங்கள். நல்ல தூள் கண்மைபோல நீளமாக வழுக்கிக்கொண்டு போகும், மட்டமானது திப்பியாக நின்றுவிடும். நிறம் இளந்தளிர்ப் பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சளோ காக்கியோ அடித்தால் ஒன்று பழையது, அல்லது வெயில் பட்ட இலை. வாசனையில் பசும்புல்லும் லேசாகக் கடற்பாசியும் வரலாம், வைக்கோல் வரக்கூடாது.

அடுத்தது நாக்கு. 2 கிராம் தூளை டீ வடிகட்டியில் சலித்துப் போட்டு, 60 மில்லி தண்ணீர் ஊற்றி நுரைக்க அடிப்பது உசுச்சா. இது அன்றாடக் குடிக்கு. 4 கிராமுக்கு 40 மில்லி மட்டும் ஊற்றிக் கூழ்போலக் குழைப்பது கொய்ச்சா. தேர்வு செய்ய எனக்குப் பிடித்தது இதுதான். மெல்லிய கோப்பையில் மறைந்துகொள்ளும் குறையெல்லாம் கெட்டியில் வெளியே வந்துவிடும். கொய்ச்சாவாகவும் கசக்காமல் நிற்கிற தூள் உண்மையிலேயே உயர்ந்தது. ஜப்பானியக் கடைகள் தங்கள் தூள்களைப் பிரித்துச் சொல்வதும் ஏறத்தாழ இந்த வழியில்தான், எது கொய்ச்சாவுக்குத் தாங்கும், எது உசுச்சாவுக்கு மட்டும் என்று.

கசப்பு என்று புகார் சொல்பவர்களில் பாதிப் பேர் கொதிநீர் ஊற்றியவர்கள். 75, 80 டிகிரி போதும். தெர்மாமீட்டர் வேண்டாம், நம்மிடம் டபரா இருக்கிறது. ஒவ்வொரு முறை பாத்திரம் மாற்றும்போதும் சுமார் 10 டிகிரி இறங்கும். இரண்டு முறை மாற்றினால் சரியாக வரும். நுரைக்க நாராவின் தகாயாமா ஊர் மூங்கில் மத்து கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பேட்டரியில் சுற்றும் சின்ன மத்தே போதும். தேநீர்ச் சடங்குக்காரர்கள் முகம் சுளிக்கட்டும்.

விலை இப்போது நம் கையில் இல்லை. உலகமே கேட்கிறது. ஜப்பானின் தெஞ்சா உற்பத்தி 2010-க்கும் 2023-க்கும் இடையில் ஏறக்குறைய மூன்று மடங்காகி 4,176 டன்னைத் தொட்டது. அப்படியும் போதவில்லை. 1717-ல் தொடங்கிய கியோட்டோவின் இப்போடோ (Ippodo) தேநீர்க் கடையே 2024 இலையுதிர்காலத்தில் விற்பனைக்கு வரம்பு கட்டியது. ஆகவே பாலில் கலக்கத்தான் போகிறீர்கள் என்றால் உயர்ந்த தூளைத் தேடாதீர்கள். பாலும் சர்க்கரையும் அதன் நுணுக்கத்தை மூடிவிடும். அதற்குத் துவர்ப்பு கொஞ்சம் தூக்கலான, விலை குறைந்த தூள்தான் பொருத்தம். டஸ்ட் டீயில் வளர்ந்த நம் நாக்குக்கும் அது சட்டென்று பிடித்துவிடும். எடை குறையும், ஆயுள் கூடும் என்று விற்கப்படும் கதைகளுக்கு இந்தத் தொடரில் இடமில்லை. ஆனால் இலையை வடிகட்டாமல் முழுதாகக் குடிக்கிறோம், காபீன் கணிசமாக உண்டு. ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் இருப்பது நல்லது, தேநீர் உணவின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும்.

கடலோரப் புழுக்கத்தில் பெரிய டின் வாங்குவது பணத்தைக் கரைப்பது. 20, 30 கிராம் வாங்கி, திறந்த ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் எடுத்ததும் மூடியைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் உள்ளே ஈரம் கோத்துத் தூள் கட்டிதட்டும். நிறம் மங்கிப்போன மிச்சத்தை ரவா கேசரியில் போடலாம். குங்குமப்பூவை எதிர்பார்க்கிறவர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

(தொடரும்)