இஎம்ஐ நின்னு போச்சா? 90 நாளுக்குள்ள வாயைத் திறங்க

இன்னைக்கு எபிசோட் கோடிங் பத்தி இல்ல, வீட்டுக் கடன் பத்தி. அதுவும் கட்ட முடியாமப் போன வீட்டுக் கடன்.

எனக்குச் சொந்த ஊர் சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி. என் தாய்மாமா அங்க ஒரு பயராபீஸ்ல போர்மேன். பட்டாசு ஆலையை எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். ஒரு ஆய்வுக்கு அப்புறம் ஆலையோட லைசென்ஸைத் தற்காலிகமா நிறுத்திட்டாங்க. சம்பளம் நின்னுச்சு. மூணு இஎம்ஐ பவுன்ஸ். பேங்க் அனுப்பின லெட்டரை அத்தை கண்ணுல படாம டிவி ஸ்டாண்டுக்கு அடியில சொருகி வெச்சிருந்தார். பொங்கலுக்குப் போனப்ப அது என் கண்ணுல பட்டுச்சு.

"என்ன மாமா இது?"

"விடு மாப்ள. அஞ்சு வட்டிக்கு வாங்கிப் போட்டுருவேன்."

அஞ்சு வட்டின்னா மாசம் நூத்துக்கு அஞ்சு ரூபா. வருஷத்துக்கு 60 சதவீதம். 9 சதவீதக் கடனைக் காப்பாத்த 60 சதவீதக் கடன்!

90 நாள் கடிகாரம்

இஎம்ஐ தவறின நாள்ல இருந்து பேங்க் கம்ப்யூட்டர் எண்ண ஆரம்பிச்சிடும். 30 நாள் வரைக்கும் எஸ்எம்ஏ-0, 60 வரைக்கும் எஸ்எம்ஏ-1, 90 வரைக்கும் எஸ்எம்ஏ-2. 90 தாண்டினா என்பிஏ, அதாவது வாராக்கடன். அதுக்கப்புறம் 2002-ல வந்த சர்ஃபாசி சட்டப்படி கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டை எடுக்குற அதிகாரம் பேங்குக்கு வந்துடும். மாமா 68-வது நாள்ல இருந்தார்.

என்ன கேட்கலாம்?

இதுக்குப் பேரு ரீஸ்ட்ரக்சரிங், கடன் மறுசீரமைப்பு. தவணைக் காலத்தை நீட்டி இஎம்ஐயைக் குறைக்கிறது, இல்லேன்னா கொஞ்ச மாசம் அவகாசம் வாங்குறது. கொரோனா சமயத்துல, 2020-லயும் 2021-லயும், ரிசர்வ் வங்கியே இதுக்குத் தனித் திட்டம் கொண்டு வந்துச்சு. அது முடிஞ்சு போச்சு. இப்போ கொடுக்கறதும் மறுக்கறதும் பேங்க் கையில. இது நம்ம உரிமை இல்ல. அதனால நம்ப வைக்கிற மாதிரி கேட்கணும்.

பேங்க் பார்க்கறது ரெண்டு விஷயம்: கஷ்டம் தற்காலிகமானதா? இனிமே கட்டுற அளவுக்கு வருமானம் வருமா? நாங்க லைசென்ஸ் நிறுத்தின உத்தரவோட நகல், ஆலை திறந்ததும் மாமாவுக்கு வேலை உண்டுன்னு முதலாளி கொடுத்த கடிதம், பழைய சம்பளக் கணக்கு, பாஸ்புக், மத்த கடன் விவரம் எல்லாம் சேர்த்தோம். "கட்ட முடியல"ன்னு மட்டும் எழுதல. "இந்த மாசத்துல இருந்து இவ்வளவு கட்டுவேன்"னு எழுதினோம். பிராஞ்சுல முதல்ல "பாக்கியைக் கட்டிட்டு வாங்க"ன்னுதான் சொன்னாங்க. மனுவைக் கொடுத்து, நகல்ல சீல் வாங்கினோம். வாயால பேசினதுக்கு சாட்சி இல்ல, சீலுக்கு உண்டு.

கணக்கு

பாக்கி 10 லட்சம், 9 சதவீதம், 12 வருஷம். இஎம்ஐ சுமார் 11,380 ரூபா. 17 வருஷமா நீட்டினா சுமார் 9,590. மாசம் 1,790 ரூபா மிச்சம். ஆனா மொத்தத்துல 3 லட்சத்துக்கு மேல கூடுதல் வட்டி. போதாததுக்கு சிபில்ல 'ரீஸ்ட்ரக்சர்டு'ன்னு பதிவாகும், புதுக் கடன் கிடைக்கறது கஷ்டம். இது சலுகை இல்ல மக்களே, விலை கொடுத்து வாங்குற அவகாசம். கை நிமிர்ந்ததும் கூடுதலாக் கட்டி அசலைக் குறைங்க. தனிநபர் வாங்கின ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைச்சா அபராதம் கிடையாது.

90 தாண்டிருச்சுன்னா?

அப்பவும் எல்லாம் முடிஞ்சு போகல. முதல்ல 60 நாள் நோட்டீஸ் வரும். அதுக்கு எழுத்துல ஆட்சேபம் கொடுத்தா, பேங்க் 15 நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும். சுவாதீன நோட்டீஸ் ஒட்டிட்டாங்கன்னா 45 நாளுக்குள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நம்ம பக்கத்துக்கு மதுரையில இருக்கு. ஏல அறிவிப்பு வெளியாகறதுக்கு முன்னாடி முழு பாக்கியையும் செலவோட கட்டினா வீட்டை மீட்டுக்கலாம். இன்னொண்ணு: பாக்கி ஒரு லட்சத்துக்குக் கீழ இருந்தாலோ, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில 20 சதவீதத்துக்குக் கீழ போயிருந்தாலோ சர்ஃபாசி பாயாது.

மாமாவுக்கு 83-வது நாள் ஒப்புதல் வந்துச்சு, அஞ்சு வருஷம் நீட்டிப்பு. மாசி பிறந்ததும் ஆலையும் திறந்துச்சு. "முதல் மாசமே உன்கிட்டச் சொல்லியிருக்கலாம் மாப்ள, வெக்கமா இருந்துச்சு"ன்னார்.

எங்க ஊர்ல மழை பெஞ்சா வேலை இல்ல, தீபாவளி முடிஞ்சா கொஞ்ச நாள் வேலை இல்ல, பக்கத்துல எங்கயாவது வெடிச்சா வேலை இல்ல. ஆனா இஎம்ஐ தேதி மட்டும் மாறாது. இந்த வாரம் வீட்டுக்கு போன் பண்றப்போ, "லெட்டர் ஏதாவது வந்துச்சா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.