பதினேழு வீட்டுத் தெரு

ராதாபுரத்துக்கு வரும் கடிதத்தில் ஊர்ப் பெயரை அடுத்து 627111 என்று இருக்கும். தபால்காரருக்கு அது ஊர். கணக்குப் பைத்தியத்துக்கு அது வேறு. இலக்கங்களைக் கூட்டினால் 18. அதனால் 9 மீதியில்லாமல் வகுத்துவிடும். மிஞ்சும் 69679 லேசில் மசியாது. 7, 11, 13 என்று பகா எண்களாகப் போட்டுக்கொண்டே போனால் 59-இல்தான் உடைகிறது: 59 × 1181. 1181-ஐ அதற்கு மேல் உடைக்க முடியாது.

1-ஐத் தவிர பொதுக் காரணி ஏதாவது உள்ள இரண்டு எண்களைச் சொந்தக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். 627111-க்கும் 627112-க்கும் சொந்தம் கிடையாது. பக்கத்துப் பக்கத்து எண்கள் எப்போதுமே அப்படித்தான். அடுத்தடுத்த எண்களை ஒரு தெருவாக எடுத்தால், யாரோடும் ஒட்டாத தனிக்கட்டை ஒன்றாவது அதில் இருக்குமா?

இதற்கு விடை கண்டவர் நம் பக்கத்துக்காரர்தான். குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்த எஸ்.எஸ். பிள்ளை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1940 வாக்கில் நிறுவினார்: பதினாறு வீடு வரை எந்தத் தெருவிலும் தனிக்கட்டை நிச்சயம். பதினேழு வீடானால் அந்த உறுதி போய்விடும்.

அவர் காட்டிய தெரு 2184 முதல் 2200 வரை. இரட்டை எண்கள் எல்லாம் 2-ஆல் ஒரே குடும்பம். 2187, 2193, 2199 மூன்றும் 3 வழிச் சொந்தம். 2185-ம் 2195-ம் 5 வழி. மிச்சம் மூன்று பேர். 2191 ஏழு வீடு தள்ளி 2184-இல் ஒட்டிக்கொள்கிறது. 2189-க்கு 11 வழியாக 2200. 2197 என்பது 13 × 13 × 13. வேறு காரணியே இல்லாத ஆள். அதற்கும் சரியாகப் பதின்மூன்று வீடு தள்ளி 2184 உட்கார்ந்திருக்கிறது! தெருவின் இரு முனை வீடுகளும்தான் ஊரைக் கட்டிக் காக்கின்றன.

430 வீடு வரையிலும் இப்படித் தெரு உண்டு என்று பிள்ளையே காட்டினார். அதற்கு மேலுள்ளதை 1941-இல் ஆல்ஃபிரட் பிரவர் முடித்துவைத்தார். 1950 ஆகஸ்ட் 31-இல் அமெரிக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமானம் விழுந்து பிள்ளை இறந்தார். வயது 49.

2, 3, 5, 7, 11, 13 ஆறையும் பெருக்கினால் 30030. அதன் எந்த மடங்கிலிருந்து பிள்ளையின் தெருவைக் கழித்தாலும் உறவுமுறை மாறாது, தெரு மட்டும் திரும்பி நிற்கும். 21 மடங்கு, அதாவது 630630-இலிருந்து கழித்துப் பார்த்தேன். 628430 முதல் 628446 வரை வந்தது. ராதாபுரத்தின் எண்ணிலிருந்து 1319 தள்ளி. 628 என்று தொடங்கினால் தபால் கணக்கில் தூத்துக்குடிப் பக்கம். அங்கே 628433-க்கு இருக்கிற ஒரே சொந்தம், தெருக்கோடியில் 628446.