தலைப்புக்குக் காலம் உண்டா?

பென்னாகரத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஒகேனக்கல்லில் நேற்றே தண்ணீர் கூடிவிட்டது. இன்றைய இங்கிலீஷ் பேப்பர் ‘ரைசஸ்’ என்று நிகழ்காலத்தில் போடுகிறதே, பிழை இல்லையா?”

பிழை இல்லை. ஆங்கிலத் தலைப்பின் வழக்கம் அது. நடந்து முடிந்ததற்கு நிகழ்காலம். நடக்கப்போவதற்கு ‘டு’ சேர்த்த வினை. செயப்பாட்டு வினையில் துணைவினையைக் கழற்றிவிட்டு ‘அரெஸ்டட்’ மட்டும். செய்தியில் சூடு ஆறாது, இடமும் மிச்சம். ஆனால் அந்த நிகழ்காலத்தோடு ‘நேற்று’ ஒட்டாது. நாளும் கிழமையும் செய்திக்குள் போய்விடும். அங்கே வினையும் இறந்தகாலத்துக்கு மாறிவிடும்.

எனக்குப் பிடித்த விநோதம் நம் பத்திரிகைகளில்தான் இருக்கிறது. ‘ஒகேனக்கல்லில் நீர்வரத்து அதிகரிப்பு, பரிசல் இயக்கத் தடை.’ பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் கன அடிக் கணக்கு ஏறும்போதெல்லாம் இந்த மாதிரித் தலைப்பு வரும். இதில் வினைமுற்றே கிடையாது. ‘அதிகரிப்பு’ தொழிற்பெயர், தொழிற்பெயர் காலம் காட்டாது என்று பள்ளியில் படித்ததுதான். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ‘அரூர், அரூர்’ என்று கூவும் கண்டக்டரும் வினை சேர்ப்பதில்லை; போக வேண்டியவர் ஏறிக்கொள்கிறார்.

ஆனால் இந்தத் தொழிற்பெயர் காலத்தோடு ஆளையும் விழுங்கிவிடும். ஆற்றுக்கு அது பரவாயில்லை. வாச்சாத்திக்கு? 1992 ஜூன் 20 அன்று அரூர் அருகிலுள்ள அந்த ஊருக்குள் புகுந்து வன்கொடுமை செய்தவர்கள் வனம், காவல், வருவாய்த் துறையினர். 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. இதற்கு ‘தண்டனை உறுதி’ என்று மட்டும் போட்டால் தண்டனை யாருக்கு, உறுதிசெய்தது யார்? ஆங்கிலத்தில் ‘அப்ஹோல்ட்ஸ்’ என்று எழுதப் போனால் நீதிமன்றத்தையும் பெரும்பாலும் முன்னால் நிறுத்தியாக வேண்டும்.

தலைப்பில் காலத்தை விட்டுவிடலாம். வாசகர் தேதியைப் பார்த்துக்கொள்வார். செய்தவரை விடக்கூடாது. ‘மக்கள் மீது தடியடி’ என்பதற்கும் ‘மக்கள் மீது போலீஸ் தடியடி’ என்பதற்கும் ஒரு சொல்தான் வித்தியாசம். அந்த ஒரு சொல்லுக்குமா பத்தியில் இடமில்லை?