முடவன் முழுக்கு



கங்கையிலும் காவிரியிலும் மூழ்குவதனால் பயன் உண்டா? இவ்வினாவை நாத்திகர் ஒருவர் எழுப்பினால் நாம் வியப்புறமாட்டோம். எழுப்பியவர் அப்பர் பெருமான் என்பதே நம்மைத் திகைக்கச் செய்கிறது. ஐந்தாம் திருமுறையில் அமைந்த பாவநாசத் திருக்குறுந்தொகையில், ஈசன் எங்கும் நிறைந்தவன் என்று உணராதார்க்குத் தீர்த்தங்களால் ஆவதொன்றில்லை என்று ஐயத்துக்கு இடமின்றி அவர் அருளிச்செய்துள்ளார். அங்ஙனமாயின், ஐப்பசி பிறந்ததும் மூட்டை முடிச்சுகளோடு மயிலாடுதுறைக்கு வந்து சேரும் அன்பர்கள் வீண் அலைச்சல் படுகின்றனரோ?

அப்பரடிகளின் சரிதமே இதற்கு விடை பகர்கின்றது. கயிலை காணப் புறப்பட்ட அவருக்குப் பாதங்கள் தேய்ந்தன. கைகளை ஊன்றிச் சென்றார். கைகளும் தேய்ந்தன, மார்பினால் ஊர்ந்தார். அதுவும் நைந்தபின் உடலைப் புரட்டிப் புரட்டிச் சென்றார் என்கிறது பெரிய புராணம். முனிவராக எதிர்வந்த பெருமான் திரும்பிப் போகச் சொல்லியும் அவர் திரும்பவில்லை. இறுதியில் அங்கிருந்த பொய்கையில் மூழ்குமாறு பணித்தருளினார். வடபுலத்தில் மூழ்கியவர் காவிரிக்கரையாகிய திருவையாற்றிலே எழுந்தார். கயிலைக் காட்சியையும் அங்கேயே கண்டார். ஆகவே அவர் மறுத்தது தீர்த்தத்தையன்று. நெஞ்சத்தைக் கரையில் விட்டுவிட்டு உடம்பை மட்டும் நனைக்கின்ற முழுக்கையே.

இனி மயிலாடுதுறைக்கு வருவோம். 1982ஆம் ஆண்டு வரை மாயூரம் என்று வழங்கிய ஊர். அம்பிகை மயிலுருக்கொண்டு பூசித்த தலம். சம்பந்தரும் அப்பரும் பாடிய பதி. கதிரவன் துலா ராசியில் நிற்கும் ஐப்பசி முழுவதும் இங்குள்ள துலாக்கட்டத்தில் நீராடுதல் மரபு. மாந்தர் தன்னிடம் சேர்த்த பாவங்களைப் போக்கிக்கொள்ளக் கங்கையும் அப்போது இங்கு வந்து மூழ்குவதாகத் தல வரலாறு கூறும். (கங்கையே தன் அழுக்கைக் களைய வரும் துறையில், நாம் பழந்துணியையும் பிளாஸ்டிக் பைகளையும் விட்டுவிட்டுத் திரும்புகிறோம். இதனை எந்தப் புராணமும் விதிக்கவில்லை.) மாதத்தின் கடைசி நாள் கடைமுகம். அபயாம்பிகையுடன் மயூரநாதரும், வடகரை வதான்யேசுவரரும் பிற மூர்த்திகளும் துறைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கொடுத்தருள்வர். கரையெங்கும் மக்கள் வெள்ளம்.

அந்த வெள்ளம் வடிந்த பிறகு ஒருவன் வந்தான். இரு கால்களும் வழங்காத முடவன். துலா நீராட வேண்டும் என்று தன் ஊரிலிருந்து தவழ்ந்து தவழ்ந்து வந்தவன். துறையை அடைந்தபோது ஐப்பசி கழிந்துவிட்டது. நீராடியவர்கள் ஈரத்துணியோடு வீடு நோக்கிப் போய்க்கொண்டிருந்தனர். பஞ்சாங்கத்தைக் கேட்டால் அவனுக்கு இனிப் பங்கில்லை. அடுத்த ஐப்பசி வரை இவ்வுடல் தாங்குமா என்பது அவனுக்கே தெரியாது. மயூரநாதா என்று கதறினான். பெருமான், மறுநாளாகிய கார்த்திகை முதல் நாளில் நீராடினும் துலா முழுக்கின் பயன் முழுவதும் உண்டு என்று அருளினார். முடவன் மூழ்கிப் பேறு பெற்றான். அந்நாளே முடவன் முழுக்கு எனப் பெயர் பெற்றது.

இங்கே ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். எல்லாம் வல்ல இறைவன் அவன் வீட்டுக் கொல்லைக் கிணற்றிலேயே காவிரியைப் பொங்கச் செய்திருக்கலாம். செய்யவில்லை. அவனைப் புழுதியில் தவழ விட்டார். காலத்தை மட்டும் அவனுக்காக ஒரு நாள் நிறுத்திவைத்தார். அவனைத் தூய்மை செய்தது காவிரி நீர் மட்டுமன்று, அந்தப் புழுதியுமாகும். வீட்டையும் வசதியையும் விட்டுப் புறப்படும்போதே "நான், எனது" என்னும் பிடிப்பு சற்றுத் தளர்கின்றது. வழியில் பசியும் பிறர் உதவியும் அதனை மேலும் தளர்த்துகின்றன. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று நம் முன்னோர் மூன்றையும் சேர்த்து வைத்ததும், உடம்பால் செய்யும் தொண்டாகிய சரியையை முதற்படியாக வைத்ததும் இக்கருத்தினால்தான் என்று அடியேன் கருதுகிறேன்.

நமக்கோ பேருந்தும் புகைவண்டியும் இருக்கின்றன. காலையில் ஏறி, முழுகி, மாலையில் திரும்பிவிடுகிறோம். அதனைக் குறை கூறுவதற்கில்லை. முதியோருக்கு அது பேருதவி. ஆயினும் துறையில் இறங்குமுன் சிறிது நேரம் படியில் அமர்ந்து, அந்த முடவன் வந்த வழியை நினைத்துக்கொள்ளலாம். மூழ்கி எழுந்ததும் ஈரம் உலருமுன் திருநீறணிந்து, மயூரநாதரையும் அபயாம்பிகையையும் தரிசித்தல் முறை. ஐப்பசியில் வர இயலாதவர்களுக்குக் கார்த்திகை முதல் நாள் இருக்கவே இருக்கிறது. முடவனுக்கென்று திறந்த துறை அன்று எல்லோருக்கும் திறந்திருக்கும்.