உருளை தந்த வெற்றி

பொறிமுறை எந்திரவியலின் வரலாற்றைக் கற்போர் ஜேம்ஸ் வாற்றின் மதிநுட்பத்தை வியப்பர். அம்மதி செயலாவதற்குச் செவ்விய உருளையொன்றை வேண்டிப் பத்தாண்டுகள் காத்திருந்ததை மறந்துவிடுவர்.

1712 இல் நியூக்கொமன் அமைத்த பொறியில், நீராவி நிறைந்த உருளையினுள்ளேயே குளிர்நீர் தெளிக்கப்பட்டது. நீராவி ஒடுங்க வெற்றிடம் தோன்றும். வளியமுக்கம் முசலத்தைக் கீழே தள்ளும். ஆயின் ஒவ்வொரு முறையும் உருளை குளிர்ந்து, மீண்டும் சூடேறவேண்டியதாயிற்று. எரித்த நிலக்கரியிற் பெரும்பகுதி இவ்வாறே வீணாயிற்று. 1765 இல் வாற், நீராவியை வேறொரு கலத்திற் குளிர்விக்கலாமெனக் கண்டார். உருளை என்றும் சூடாயிருக்கும்; ஒடுக்கி என்றும் குளிர்ந்திருக்கும். எத்துணை எளிய எண்ணம்!

எனினும் முசலத்துக்கும் உருளைச் சுவருக்குமிடையே நீராவி கசிந்தது. நியூக்கொமன் முசலத்தின்மேல் நீரூற்றி இடைவெளியை அடைத்தார். வாற்றின் சூடான உருளைக்கு அவ்வுபாயம் ஒவ்வாது. 1769 இல் ஆக்கவுரிமை பெற்றும் இடர் தீர்ந்திலது. அக்காலத்துத் துளைகருவி ஒரு முனையில் மட்டுமே தாங்கப்பட்டமையால், வார்ப்பின் கோணலையே பின்பற்றிச் சென்றது. பீரங்கி துளைப்பதில் வல்லவரான ஜோன் வில்க்கின்சன், 1775 இல் உருளையினூடாகத் தடித்த தண்டொன்றைச் செலுத்தி, அதன் இரு முனைகளையும் தாங்கிகளிற் பொருத்தினார். வெட்டுங்கருவி நேர்வழி சென்றது, உருளையும் வட்டமாயிற்று. இவர் பெயரைப் பாடநூல்கள் ஓரிரு வரிகளோடு விட்டுவிடுதல் நேர்மையன்று. 1776 இல் வாற்றின் பொறிகள் இரண்டு தொழிற்படத் தொடங்கின. ஒன்று நிலக்கரிச் சுரங்கத்தில் நீரிறைத்தது. மற்றையது வில்க்கின்சனின் ஊதுலைக்கே காற்றூதியது.